ரைஃபிள் தோட்டாவுக்கு ப்ரைமர் வாங்கும் முன்: அமெரிக்காவில் ரீலோடிங் தொடங்கும் தமிழர்களுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய, தோட்டாவின் அடியில் பொருத்தும் ஆயிரம் ப்ரைமர்களில் ஒன்றுகூட என் புதுப் பித்தளைக் கூட்டுக்குள் போகவில்லை. என்னுடையது 6.5 க்ரீட்மூர் ரைஃபிள். அதுவரை கடைத் தோட்டாக்களைச் சுட்டு, மிஞ்சும் ஹார்னடி நிறுவனக் கூடுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். சுட்ட கூட்டில் புது ப்ரைமர், பவுடர் (குண்டைத் தள்ளும் வெடிமருந்து), குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி தோட்டாவாக்குவதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். அவற்றில் இருப்பது பெரிய ரைஃபிள் ப்ரைமர். அதனால் பெரிய ரைஃபிள் ப்ரைமர் ஆயிரம் ஆர்டர் செய்தேன். கூடவே, நல்ல பித்தளையாக இருக்கட்டும் என்று லபுவா கூடு நூறும் வாங்கினேன். பெட்டி வந்த அன்று இரவே உட்கார்ந்து, முதல் கூட்டில் ப்ரைமரை வைத்து அழுத்தினால், குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. உள்ளே இறங்கவே இல்லை. லபுவா அதே 6.5 க்ரீட்மூர் கூட்டைச் சிறிய ப்ரைமர் குழியோடு செய்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழக்கமான மதுரைக்கார அண்ணன் ஒருவரிடம் மறுநாள் காட்டினேன். “தம்பி, பித்தளையைத் திருப்பிப் பார்த்துட்டுத்தானே ப்ரைமர் வாங்கணும்?” என்றார். அந்த ஒரு வரியை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு முப்பது டாலரும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பவுடர் எவ்வளவு போடுவது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டிய விஷயம்.

ப்ரைமர் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு: தீபாவளித் துப்பாக்கியில் போடும் கேப் நினைவிருக்கிறதா? சுத்தியல் அடித்ததும் பட்டென்று தீப்பொறி வருமே, அதே வேலைதான். தோட்டாவின் அடியில் உள்ள குழியில் இருக்கும் சின்ன உலோகக் கிண்ணம் அது. ஃபயரிங் பின் அதைக் குத்தும்போது உள்ளே இருக்கும் மருந்து வெடித்து, நடுவிலுள்ள துளை வழியாகத் தீ உள்ளே போய் பவுடரைப் பற்ற வைக்கிறது. கேப்பைவிடப் பல மடங்கு வீரியமானது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

பலர் தவறவிடும் இடம் இதுதான். அதனால்தான் அளவையும் பிராண்டையும் விட்டுவிட்டு இதை முதலில் வைக்கிறேன்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அந்தச் சட்டம் ‘தோட்டா’ என்று சொல்வது முழுத் தோட்டாவை மட்டுமல்ல. கூடு, ப்ரைமர், குண்டு, பவுடர் எல்லாம் தனித்தனியாகவே அதில் அடங்கும். “வெறும் ப்ரைமர்தானே, துப்பாக்கி இல்லையே” என்ற வாதம் எடுபடாது. மீறினால் அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு சிறை.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் தற்காலிக விசாக்காரரும் வைத்திருக்கலாம். ஆனால் உரிமம் ஒரு நாள் காலாவதியானாலும் வீட்டிலிருக்கும் ப்ரைமர் பெட்டி குற்றப்பொருள் ஆகிவிடும். கிரீன் கார்டு கையில் வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் எதையும் தொடாதீர்கள். நான் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்து யோசியுங்கள். உங்களுக்குக் கிரீன் கார்டு இருக்கலாம், ஊரிலிருந்து பி-2 விசாவில் வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு இல்லை. ப்ரைமரும் பவுடரும் உங்களிடம் மட்டும் சாவி இருக்கும் அலமாரியில் பூட்டியிருக்கட்டும்.

கூட்டாட்சிச் சட்டத்தில் ப்ரைமர் வாங்கத் தனிப் படிவம் எதுவும் கிடையாது. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம். மாசச்சூசெட்ஸில் ப்ரைமரும் பவுடரும்கூடத் தோட்டாவாகவே கருதப்படும், உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. நான் இருக்கும் டெக்சாஸில் அப்படி எதுவும் இல்லை. கடைக்காரர் வயதுக்கு அடையாள அட்டை கேட்பார், அவ்வளவுதான். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டு அப்புறம் பெட்டியைக் கட்டுங்கள்.

இன்னொன்று. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை. நண்பர்களுக்கு நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்கும் தொழிலாக அது மாறினால், தோட்டா உற்பத்தியாளருக்கான கூட்டாட்சி உரிமம் வேண்டும்.

2. பித்தளையைத் திருப்பிப் பாருங்கள்

ரைஃபிள் ப்ரைமரில் இரண்டே அளவுகள். சிறியது 0.175 அங்குல விட்டம், பெரியது 0.210 அங்குலம். .223, .300 பிளாக்அவுட், 6 ஏஆர்சி போன்றவை சிறியதை எடுக்கும். .308, .30-06, .270, .243 போன்றவை வழக்கமாகப் பெரியதை எடுக்கும்.

‘வழக்கமாக’ என்ற அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். 6.5 க்ரீட்மூருக்கு ஹார்னடி பெரிய குழியோடு கூடு செய்கிறது, லபுவா சிறிய குழியோடு செய்கிறது, ஸ்டார்லைன் இரண்டு வகையிலும் விற்கிறது. .308-க்கும் லபுவாவின் பால்மா கூடு சிறிய குழி கொண்டது. ரைஃபிளின் பெயரைப் பார்த்து ப்ரைமர் வாங்காதீர்கள். கூடு கையில் வந்த பிறகு, காலிப்பர் வைத்துக் குழியை அளந்துவிட்டு வாங்குங்கள். இருபது டாலர் காலிப்பர் போதும்.

சிறிய குழியுள்ள லபுவா கூட்டில் நடுத்துளையும் சின்னது, 1.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான டையில் (கூட்டை அளவாக்கும் கருவி) பழைய ப்ரைமரை வெளியே தள்ள இருக்கும் ஊசி அதில் சிக்கிக்கொள்ளும். மெல்லிய ஊசியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். எனக்கு ஒரு ஊசி வளைந்த பிறகுதான் இது புரிந்தது.

ரேஞ்சில் பொறுக்கிய கூடு என்றால் இன்னும் மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும்.

கூட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்சர் வகை, நமக்குத் தேவையானது. இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் பெர்டான் வகை. அதற்கு வேறு ப்ரைமர், வேறு கருவிகள். தூக்கி மறுசுழற்சிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, ராணுவக் கூடுகளில் ப்ரைமரைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அடிப்பாகத்தில் எல்சி என்ற எழுத்துகளும், வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரையும் இருந்தால் இதை எதிர்பாருங்கள். பழைய ப்ரைமர் வெளியே வந்துவிடும், ஆனால் அந்த நசுக்கல் விளிம்பு அப்படியே இருக்கும். அதை ரீமரால் சீவி எடுக்காமல் புது ப்ரைமரை அழுத்தினால் பாதியில் சிக்கி நசுங்கும். அதை இன்னும் பலமாக அழுத்தினால் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. கை ரீமர் ஒன்று இருபது டாலருக்குச் சற்று மேல் ஆனது. நூறு கூடு சீவ எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது. வேகம் வேண்டுமென்றால் அந்த விளிம்பை அழுத்தி ஒதுக்கும், மேசையில் பொருத்தும் ஸ்வேஜ் கருவி இருக்கிறது, விலை நூறு டாலரைத் தாண்டும்.

மூன்றாவது, பலமுறை சுட்ட கூட்டில் குழி தளர்ந்திருக்கும். ப்ரைமர் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், அந்தக் கூடு முடிந்தது. பித்தளை விலையைப் பார்த்து அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. பிஸ்டல் ப்ரைமரை ரைஃபிளில் போடாதீர்கள்

2020-க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில் நிறையப் பேர் இதைச் செய்யத் துணிந்தார்கள். சிறிய பிஸ்டல் ப்ரைமரும் சிறிய ரைஃபிள் ப்ரைமரும் வெளியளவில் ஒன்றுதான், அழகாகக் குழியில் உட்காரும். ஆபத்தே அதுதான். பிஸ்டல் ப்ரைமரின் கிண்ணம் மெல்லியது, ஏறத்தாழ 0.017 அங்குலம். .223 தோட்டாவுக்குள் எழும் அழுத்தத்தின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் மெல்லிய கிண்ணம் துளைபட்டு, சூடான வாயு போல்ட்டுக்குள் (தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) பின்னோக்கி வரும். முகம் இருப்பது அந்தப் பக்கம்தான்.

பெரிய அளவில் உயரமே வேறு. பெரிய ரைஃபிள் ப்ரைமர் பெரிய பிஸ்டல் ப்ரைமரைவிட உயரமானது. மாற்றிப் போட்டால் ஒன்று வெளியே துருத்தும், இல்லையேல் உள்ளே ஆழமாகப் போய்விடும்.

இரண்டு வகையும் வைத்திருப்பவர் என்றால் ஒரு நேரத்தில் மேசை மேல் ஒரு பெட்டி மட்டும் இருக்கட்டும்.

4. உங்கள் ரைஃபிளின் ஃபயரிங் பின் எப்படிப்பட்டது?

கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்ஷன் ரைஃபிளில் ஃபயரிங் பின்னை ஸ்ப்ரிங் பிடித்து வைத்திருக்கும், கவலை குறைவு. ஏஆர்-15, எம்1 காரண்ட், எஸ்கேஎஸ் போன்ற தானியங்கி ஏற்றமுள்ள ரைஃபிள்கள் பலவற்றில் ஃபயரிங் பின் தளர்வாக மிதக்கும். போல்ட் வேகமாக மூடும்போது அந்தப் பின் முன்னால் பாய்ந்து ப்ரைமரை லேசாகத் தட்டும்.

ஒரு முறை ரேஞ்சில் நானே பார்த்தேன். ஏஆர்-15-இல் ஒரு தோட்டாவை ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்து, ப்ரைமரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நடுவில் ஊசியால் தொட்டது போல ஒரு குட்டிப் பள்ளம். அந்தத் தட்டலுக்கே வெடித்துவிட்டால் விசையைத் தொடாமலே தோட்டா போய்விடும். ஸ்லாம்ஃபயர் என்று இதைச் சொல்வார்கள். குழல் எந்நேரமும் பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகவும்தான்.

அதனால் இவ்வகை ரைஃபிள்களுக்கு ராணுவத் தரத்துக்குச் செய்த, எளிதில் வெடிக்காத ப்ரைமர்கள் உண்டு. சிறியதில் சிசிஐ நிறுவனத்தின் 41, பெரியதில் அதன் 34. ஃபெடரல் நிறுவனமும் ஏஆர் என்று குறித்துத் தனியாக 205எம் ஏஆர் விற்கிறது. இவை கிடைக்காதபோது ஏஆர்-15-க்குக் கனமான கிண்ணமுள்ள சிசிஐ 450 அல்லது ரெமிங்டன் 7½ பலரும் போடுவார்கள். இரண்டிலும் கிண்ணம் 0.025 அங்குலம். சிசிஐ 400-இல் 0.020 அங்குலம்தான்.

ரெமிங்டன் 6½ பெட்டியைக் கடையில் பார்த்து ‘சிறிய ரைஃபிள்’ என்று எழுதியிருக்கிறதே என்று .223-க்கு எடுத்துவிடாதீர்கள். அது .22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது. .223-க்கு வேண்டாம் என்று ரெமிங்டனே சொல்கிறது.

5. சாதாரணமா, மேக்னமா, பெஞ்ச்ரெஸ்டா?

மேக்னம் என்று பெயரிட்ட ப்ரைமர் நீண்ட, சூடான தீயைத் தரும். .300 வின்செஸ்டர் மேக்னம் போலப் பவுடர் நிறைய நிரம்பும் தோட்டாவுக்கும், கடுங்குளிரில் சுடுவதற்கும், பற்றுவதற்குச் சற்றுத் தயங்கும் உருண்டைப் பவுடர்களுக்கும் அது. எச்335 போன்ற உருண்டைப் பவுடருக்கு மேக்னம் ப்ரைமரைச் சொல்லும் கையேடுகள் உண்டு. வர்கெட், எச்4350 போன்ற குச்சிப் பவுடருக்கு நடுத்தர அளவுத் தோட்டாவில் சாதாரண ப்ரைமரே போதும்.

பெஞ்ச்ரெஸ்ட் அல்லது மேட்ச் என்று வருபவை, அதாவது சிசிஐ பிஆர்-2, பிஆர்-4, ஃபெடரல் 210எம், 205எம் ஆகியவை, ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவாக இருக்கும்படி கவனமாகச் செய்தவை. விலை கூடுதல். புதியவர்களுக்கு என் கருத்து: முதல் ஆயிரத்துக்கு இவை வேண்டாம். என் குறி தவறியதற்கெல்லாம் காரணம் என் தோளும் மூச்சும்தான், ப்ரைமர் அல்ல.

உண்மையில் தேர்வு மிக எளிது. நீங்கள் வைத்திருக்கும் குண்டின் எடை, பவுடர் ஆகியவற்றுக்குக் கையேட்டில் உள்ள பக்கத்தைத் திறந்தால், எந்த ப்ரைமர் வைத்துச் சோதித்தார்கள் என்று மேலேயே அச்சிட்டிருக்கும். அதை வாங்குங்கள். ஹார்னடி, லைமன், சியரா கையேடுகள் மூன்றிலும் இது உண்டு. கையேடு நாற்பது, ஐம்பது டாலர் ஆகும். கருவிகளுக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

அது கிடைக்காமல் வேறு ப்ரைமருக்கு மாறினால், சரி, மாறலாம். ஆனால் பழைய பவுடர் அளவை அப்படியே தொடரக் கூடாது. கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி, அங்கிருந்து படிப்படியாக ஏறி வாருங்கள். ப்ரைமர் மாறினால் அழுத்தமும் மாறும். சுட்ட ப்ரைமர் தட்டையாகிக் குழி முழுக்கப் பரவியிருந்தாலோ, பின் குத்திய இடத்தைச் சுற்றி எரிமலை வாய் போல விளிம்பு எழுந்திருந்தாலோ, ஓரத்தில் கரும்புகை கசிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

6. வாங்குவது: செலவும் நாளும்

ப்ரைமர் நூறு நூறாகத் தட்டில் வரும், பத்துத் தட்டு சேர்ந்தது ஆயிரம் கொண்ட பெட்டி. தட்டுப்பாட்டுக்கு முன் ஆயிரம் 30, 40 டாலருக்குக் கிடைத்ததாகப் பழையவர்கள் சொல்வார்கள். நான் வாங்கியபோது 80 டாலர்.

இணையத்தில் வாங்கினால் இதோடு அபாயப் பொருள் கட்டணம் சேரும். கடையைப் பொறுத்து 20 முதல் 50 டாலர் வரை. இது அனுப்பும் பெட்டிக்கு, எண்ணிக்கைக்கு அல்ல. நூறு ப்ரைமர் வாங்கினாலும் அதே கட்டணம்தான். அதனால் ப்ரைமரையும் பவுடரையும் ஒரே ஆர்டரில் போடுங்கள், பல கடைகள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் எடுக்கும். நண்பர்கள் யாராவது ரீலோடிங் செய்தால் ஒரே நேரத்தில் சேர்ந்து வாங்குவது நல்லது. சில கடைகள் பண்டிகைக் காலத்தில் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும், அதற்குக் காத்திருந்தும் வாங்கலாம்.

விமானத்தில் வராது, தரைவழிதான். எனக்கு ஒன்பது நாள் ஆனது. வாங்க வயதுவந்த ஒருவர் வீட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் பி-2 விசாவில் வந்த மாமனார் மட்டும் இருக்கிறார் என்றால், கூரியர் கிடங்கில் நிறுத்தி வைக்கச் சொல்லி நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவறாக வாங்கிவிட்டால் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். என் கடையும் எடுக்கவில்லை. நீங்களாகத் தபாலில் வேறொருவருக்கு அனுப்புவதும் குற்றம், ப்ரைமரைத் தபால் துறை ஏற்காது. என் ஆயிரத்தை அந்த மதுரை அண்ணன் நேரில் வாங்கிக்கொண்டார், அவரிடம் .308 இருந்தது. ஆனால் கட்டணமாகப் போன 30 டாலர் போனதுதான்.

உள்ளூர்க் கடையில் வாங்கினால் இந்தக் கட்டணம் இல்லை. விலை பத்து டாலர் கூட இருந்தாலும் முதல் முறை அங்கே போய், கூட்டைக் கையில் எடுத்துச் சென்று, காட்டி வாங்குவதுதான் நல்லது. ஐநூறுக்குக் குறையாமல் ஒரே லாட் எண்ணில் (ஒரே தொகுப்பில் செய்தவை என்று காட்டும் எண்) எடுங்கள். பெட்டியில் அந்த எண் அச்சிட்டிருக்கும். அதை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.

7. பொருத்தும்போது

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதில் விதிவிலக்கு வேண்டாம்.

ப்ரைமர் குழியின் விளிம்பைவிடச் சற்றே உள்ளே, அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு வரை, இறங்கி உட்கார வேண்டும். கண்ணால் இது தெரியாது. கூட்டை நிறுத்தி, விரல் நுனியால் அடிப்பாகத்தைத் தடவுங்கள். ப்ரைமர் இருக்கும் இடத்தில் மெல்லிய பள்ளம் தெரிய வேண்டும். மேடு தட்டினால் அந்தக் கூட்டை ஒதுக்கி வையுங்கள். மேடாக நிற்கும் ப்ரைமர்தான் ஸ்லாம்ஃபயருக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பவுடர் போடுவதற்கு முன், ஒரு முறைக்கு நிரப்பும் ஐம்பது கூட்டையும் இப்படித் தடவிப் பார்ப்பது என் வழக்கம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தொடக்கத்தில் கையால் அழுத்தும் கருவி போதும். ப்ரைமர் உட்காரும் அந்த மெல்லிய தட்டல் விரலுக்குத் தெரியும். கருவியோடு வரும் குறிப்பில் எந்த பிராண்டு ப்ரைமரைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தால் அதை மீறாதீர்கள்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ப்ரைமர் மருந்தில் ஈயம் இருக்கிறது. சுட்ட கூட்டைச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியிலும் இருக்கிறது. அந்த வேலையைக் குழந்தைகள் இருக்கும் அறையிலோ, சமையலறையிலோ வைத்துக்கொள்ள வேண்டாம்.

8. வீட்டில் வைப்பது

வந்த தட்டிலேயே இருக்கட்டும். அந்தத் தட்டு ஒவ்வொரு ப்ரைமரையும் தள்ளித் தள்ளி வைத்திருப்பது, ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்காமல் இருக்கத்தான். பார்க்க நன்றாக இருக்கிறது என்று கண்ணாடிப் பாட்டிலிலோ ஊறுகாய் டப்பாவிலோ கொட்டி வைத்தால் அது ஒரு குண்டு. ஈரமில்லாத, வெயில் படாத, பூட்டிய மர அலமாரி போதும். பவுடரோடு ஒரே பெட்டிக்குள் வைக்காதீர்கள். வீட்டில் அதிகபட்சம் 10,000 ப்ரைமர் என்பது அமெரிக்கத் தீயணைப்பு விதித்தொகுப்பு சொல்லும் வரம்பு. அடுக்ககத்தில் வாடகைக்கு இருந்தால் ஒப்பந்தத்தில் வெடிபொருள் பற்றிய வரியைப் படியுங்கள், பல ஒப்பந்தங்களில் முழுத்தடை இருக்கும்.

தரையில் விழுந்த ப்ரைமரை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். குனிந்து கையால் எடுங்கள்.

9. ஊருக்குக் கிளம்பும் முன்

ப்ரைமரை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. இந்தியச் சட்டத்திலும் தோட்டாவின் பாகங்கள் தோட்டாவாகவே கருதப்படும். பையின் மூலையில் மறந்துபோய்க் கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்குப் பதிவான செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையைப் பயணத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. அதே ஜாக்கெட், அதே கால்சட்டை என்றாலும் பைகளை வெளியே இழுத்து உதறிப் பாருங்கள். சிறிய ப்ரைமர் ஒரு துவரம்பருப்பு அளவுதான், தையல் ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். நான் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஜாக்கெட்டின் உள்பையில் ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து ரீலோடிங் மேசைக்கு என்று தனியாக, பையே இல்லாத ஒரு சட்டை வைத்திருக்கிறேன்.